குழுவின் முகப்பில் எந்தத் திருவுருவம்?

விஷ்ணு சஹஸ்ரநாமப் பாராயணக் குழு, உழவாரப் பணிக் குழு, பழநிப் பாதயாத்திரைக் குழு, குலதெய்வப் பங்காளிகள் குழு எனப் பெரியோர் பலரின் கைப்பேசியில் இன்று நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களாவது இருக்கின்றன. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்பதால், ஒரு சிற்றூரின் பஜனை மடமே அதற்குள் அடங்கிவிடும். குழுவின் பெயருக்கு அருகே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதாக ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்துக்குள் எந்தத் தெய்வத்தின் படத்தை வைப்பது என்னும் கேள்விதான் குழு தொடங்கிய முதல் நாளே எழுகிறது. சிலர் அம்பாள் என்பார்கள். சிலர் பெருமாள் என்பார்கள். ஒருவர் படத்தை வைத்த மறுநாளே இன்னொருவர் மாற்றிவிடுவார். இது அற்ப விஷயம் என்று இளையவர்கள் சிரிக்கலாம். விடிந்ததும் முதலில் கண்ணில் படும் உருவம் எது என்பதில் கருத்தாக இருந்தே பழகிய தலைமுறைக்கு இது அற்பமன்று.

முதலில் விலக்க வேண்டியதைச் சொல்லிவிடலாம். கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூலவரை மறைவாகப் படம் பிடித்து, அதைக் குழுவின் முகப்பில் வைப்பது முறையன்று. மூலவரைப் படம் எடுக்கலாகாது என்பது பெரும்பாலான ஆலயங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் கட்டுப்பாடு. கைப்பேசி வந்த பிறகு அது காற்றில் பறந்தது. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆலயங்களின் தூய்மையையும் புனிதத்தையும் காக்கும் பொருட்டு உள்ளே கைப்பேசி கொண்டுசெல்வதைத் தடை செய்யுமாறு அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. திருச்செந்தூர் ஆலயம் தொடர்பான வழக்கில் பிறந்த உத்தரவு அது. ஆகவே, “எங்கள் ஊர் மூலவர், யாரிடமும் இல்லாத படம்” என்று யாரேனும் பெருமையோடு அனுப்பினால், குழுவின் மூத்தவர்கள் கனிவாக மறுத்துவிடுவது நல்லது.

அப்படியானால் எதை வைப்பது? உற்சவரை வைக்கலாம். படி ஏற இயலாத முதியவருக்கும், நோயுற்றுத் திண்ணையோடு கிடப்பவருக்கும் தரிசனம் தரவே சுவாமி வீதிக்கு எழுந்தருளுகிறார். கைப்பேசியின் திரையும் இந்தக் காலத்தில் ஒரு வீதிதான். வீதியுலாவின்போது எடுத்த படம் அங்கே இருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு.

படத்தைத் தேர்ந்தெடுத்த பின் பலரும் பார்க்கத் தவறும் ஒன்று, இடம் வலம். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்தாலோ, படத்தைத் திருத்தும்போது கை தவறினாலோ, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகிவிடும். மனிதர் முகத்தில் இது தெரியாது. திருவுருவங்களில் இது பெரும் பிழையாகிவிடும். சுவாமியின் வலக்கை நமக்கு இடப்புறம் தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பெருமாளுக்குப் பொதுவாக வலப் பின்கையில் சக்கரம், இடப் பின்கையில் சங்கு. படம் திரும்பினால் இரண்டும் இடம் மாறிவிடும். திருக்கோவலூர் உலகளந்த பெருமாள் இதற்கு விலக்காக வலக்கையில் சங்கமும் இடக்கையில் சக்கரமும் ஏந்தி நிற்பவர். அவர் படத்தை யாரேனும் “தவறு” என்று எண்ணித் திருப்பிவிடவும் கூடாது!

பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் வலம்புரியாகத் துதிக்கை சுழித்தவர். இரண்டே கரங்கள் உடையவர். திருப்பிய படத்தில் அவர் இடம்புரி விநாயகராகிவிடுவார். மதுரை மீனாட்சியம்மனின் கிளி வலப்புறம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கிளி இடப்புறம். திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரருக்கு அம்மை இடப்பாகம். திருப்பினால் அப்பனும் அம்மையும் இடம் மாறிவிடுவார்கள். பழநித் தண்டாயுதபாணியின் வலக்கையில் தண்டம், இடக்கை இடையில்.

இவை எல்லாவற்றிலும் சுவையானது நடராஜப் பெருமானின் நிலை. தில்லையில் அவர் வலது திருவடியை முயலகன்மேல் ஊன்றி, இடது திருவடியைத் தூக்கி ஆடுகிறார். வலப் பின்கையில் உடுக்கை, இடப் பின்கையில் தீ. மதுரை வெள்ளியம்பலத்தில், பாண்டியன் வேண்டியதற்காகக் கால் மாறி, வலது திருவடியைத் தூக்கி ஆடினார் என்பது திருவிளையாடல். சிதம்பரத்துப் படத்தைத் தவறிப்போய் இடம் வலமாகத் திருப்பியவர், தம்மை அறியாமலே கூத்தனைக் கால் மாற்றி ஆட வைத்துவிடுகிறார். பாண்டியனுக்கு அதற்காக மன்றாட வேண்டியிருந்தது. நமக்கு ஒரு விரல் தவறினால் போதும். படத்தில் எங்கேனும் எழுத்து இருந்தால் அது நேராக வாசிக்க வருகிறதா என்று பாருங்கள். எழுத்து இல்லையேல் மேலே சொன்ன அடையாளங்களே துணை.

அடுத்தது வட்டத்தின் சங்கடம். நாம் கொடுக்கும் படத்தை வாட்ஸ்அப் முதலில் சதுரமாக வெட்டச் சொல்கிறது. பிறகு பட்டியலில் நான்கு மூலைகளையும் மறைத்து வட்டமாகக் காட்டுகிறது. நின்ற திருக்கோலத்தை அப்படியே கொடுத்தால் ஒன்று திருமுடி போகும், அல்லது திருவடி போகும். பலரும் திருவடியையே வெட்டிவிடுகிறார்கள். முகம் தெரிந்தால் போதும் என்பது நிழற்படக் கடைக்காரரின் கணக்கு. நம் தரிசன முறையோ பாதாதிகேசம். திருப்பாணாழ்வார் தம் அமலனாதிபிரானின் பத்துப் பாசுரங்களில் அரங்கனைத் திருவடியில் தொடங்கித் திருக்கண்கள் வரை சேவித்தார். அந்த வழியில் வந்தவர்கள் திருவடி இல்லாத படத்தை வைத்துவிட்டு மனம் நிறைவது எப்படி?

இதற்குக் கடினமான வித்தை எதுவும் தேவையில்லை. வீட்டிலுள்ள படத்தையோ, வீதியுலாவையோ கைப்பேசியில் எடுக்கும்போது சற்றுப் பின்னால் நகர்ந்து, இருபுறமும் வெற்றிடம் விட்டு எடுங்கள். சதுரமாக வெட்டும்போது அந்த வெற்றிடம் வெட்டுப்படும். திருமேனி முழுமையாக நிற்கும். சயனத் திருக்கோலத்துக்கு மேலும் கீழும் இடம் விட வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், பள்ளிகொண்ட பெருமாள் அந்தச் சிறு வட்டத்தில் ஒரு கோடு போலத்தான் தெரிவார். நடராஜருக்கு அந்தத் தொல்லை இல்லை, திருவாசியே ஏறக்குறைய வட்டம். கண்ணாடிச் சட்டமிட்ட படத்தை எடுப்பவர்கள் ஃப்ளாஷ் விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் சற்றே பக்கவாட்டில் நின்று எடுக்கவும். இல்லையேல் லட்சுமியின் மடியில் எடுப்பவரின் மூக்குக் கண்ணாடி மின்னும்.

ராஜகோபுரத்தை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் அழகுதான். பட்டியலில் அது பழுப்பு நிறத் திட்டாகவே தெரியும். ஒற்றை வேல், ஒற்றைக் குத்துவிளக்கு, திருவடி நிலை, சங்கு சக்கரம், வில்வ இலை என்று ஒரே ஒரு பொருளாக இருந்தால் பார்வை மங்கியவருக்கும் பளிச்சென்று புலப்படும். சைவரும் வைணவரும் கலந்த குழுவில் விளக்கை வைத்தால் வழக்கே இல்லை. கிரிவலக் குழுவினருக்குத் திருவண்ணாமலை மலையே போதும். அங்கே மலையே லிங்கமல்லவா?

நம் வீட்டுப் பூஜையறைப் படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ராஜா ரவிவர்மா 1894ல் மும்பையில் அச்சகம் தொடங்கி, வண்ணக் கல்லச்சில் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடுதோறும் கொண்டுசேர்த்தார். ஆலயத்துக்குள் நுழையவே அனுமதி மறுக்கப்பட்டிருந்த மக்களின் சுவரிலும் அன்று தெய்வம் வந்து அமர்ந்தது. பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் அம்பிகையும் சிவகாசி நாட்காட்டிகளில் ஏறித் தமிழகமெங்கும் பரவினர். ஆண்டு முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டு வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனை! அத்தகைய பழைய படம் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், குழுவுக்கு அதைவிடச் சிறந்தது கிடைக்காது. இப்போது செயற்கை நுண்ணறிவால் நொடியில் உருவாகும் படங்கள் பளபளப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் கைகளை எண்ணிப் பாருங்கள், ஆயுதங்களைப் பாருங்கள். ஐந்து கை முருகனும், ஆறு விரல் அபய ஹஸ்தமும் அதில் தாராளம். தியான சுலோகத்தைக் கேட்டு ஸ்தபதி வடித்த உருவத்துக்கும், எதையும் தியானிக்காத இயந்திரம் தீட்டிய உருவத்துக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

குலதெய்வக் குழுக்களில்தான் இந்தத் தவறு மிகுதி. பல குடும்பங்களின் குலதெய்வத்துக்கு உருவமே கிடையாது. ஒரு நடுகல், மஞ்சள் பூசிய பீடம், மண்ணில் நட்ட சூலம், ஒரு வேப்ப மரம், திறக்கப்படாத ஒரு பெட்டி. நிழற்படம் தேடிய பேரப்பிள்ளைகள், இணையத்தில் கிடைத்த ஏதோ ஓர் உக்கிர காளியையோ, வேறு ஊர்க் கருப்பரையோ வைத்துவிடுகிறார்கள். பத்தாண்டு போனால் அதுவே எங்கள் தெய்வத்தின் திருவுருவம் என்று அடுத்த தலைமுறை நம்பிவிடும். புதிதாகச் சிலை செய்யும்போது அதையே மாதிரியாகக் காட்டும். அந்தச் சூலத்தையே, அந்த மரத்தையே வையுங்கள். வாசலில் நிற்கும் ஐயனார் குதிரையை வையுங்கள். உருவம் இல்லை என்பதும் நம் முன்னோர் விட்டுச்சென்ற செய்திதான். சிதம்பரத்தில் திரை விலகினால் தெரிவது தங்க வில்வமாலை மட்டுமே என்பதை நினைவில் கொள்ளலாம்.

இன்னொரு தயக்கம் பல பெரியவர்களை உள்ளூர வருத்துகிறது. எச்சில் கையால் தொடுகிறோம், கைப்பேசி எங்கெங்கோ போகிறது, குழுவில் இரங்கல் செய்தியும் வருகிறது. மேலே சுவாமி இருக்கிறாரே என்கிறார்கள். ஆவாஹனம் செய்து பூஜிக்கப்படும் மூர்த்தி வேறு, படம் வேறு. களிமண் பிள்ளையாரையே புனர்பூஜை முடித்து யதாஸ்தானம் செய்தபின் நீரில் கரைக்கும் வழக்கமுள்ள நமக்கு, பழைய முகப்புப் படத்தை அழிப்பது குற்றமாகுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. ஆயினும் மனம் ஒப்பாதவர்கள் கோலத்தையோ தாமரையையோ வைத்துக்கொள்ளலாம். இரங்கல் செய்திகள் அடிக்கடி வரும் உறவினர் குழுவுக்கு அதுவே ஏற்றது என்பது என் எண்ணம்.

வைக்கும் முறை எளிது. குழுவைத் திறந்து, மேலே உள்ள குழுப் பெயரைத் தொடுங்கள். வரும் பக்கத்தில் வட்டப் படத்தைத் தொட்டால் பென்சில் குறியோ ‘எடிட்’ என்ற சொல்லோ தோன்றும். அதைத் தொட்டு ‘கேலரி’யைத் தேர்ந்தெடுத்து, எடுத்துவைத்த படத்தைக் காட்டுங்கள். சதுரக் கட்டத்துக்குள் திருமுடியும் திருவடியும் அடங்கும்படி விரலால் நகர்த்தி, ‘டன்’ என்பதைத் தொட்டால் முடிந்தது. பென்சில் வரவில்லையெனில் அந்த உரிமையை அட்மின் தம்மிடமே வைத்திருக்கிறார் என்று பொருள். படத்துக்கான போட்டி ஓயாத குழுவில் அப்படி வைத்திருப்பதே நல்லது. அட்மின் அதைக் குழுவின் அனுமதிப் பகுதியில் செய்துகொள்ளலாம்.

படம் மாறியதும், யார் மாற்றினார் என்று குழுவில் ஒரு வரி தானே தோன்றும். அதற்குக் கீழே, இது எந்தத் திருத்தலத்து உற்சவர், எந்த விழாவில் எழுந்தருளியபோது எடுத்தது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான்.