காலுக்கு ஓய்வு, இதயத்துக்கு வேலை

1984 ஏப்ரல் 25. மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட்டின் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஆண்டு அது. அமெரிக்க அணியைத் தேர்ந்தெடுக்கும் பந்தயம் மே 12ஆம் தேதி. இடையில் இருந்தவை 17 நாட்கள். முந்தைய ஆண்டுதான் பாஸ்டனில் 2 மணி 22 நிமிடம் 43 விநாடியில் ஓடி, அதுவரை எந்தப் பெண்ணும் தொடாத வேகத்தைத் தொட்டிருந்தார் பெனாய்ட். இப்போது நடப்பதே பாடு.

அறுவை முடிந்த கையோடு அவர் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்விட்டார். கால்களால் மிதிக்க வேண்டிய சைக்கிள் பெடலைக் கைகளால் சுற்றத் தொடங்கினார். மே 12 அன்று 2 மணி 31 நிமிடம் 4 விநாடியில் முதலாவதாக வந்தார். ஆகஸ்ட் 5இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் தங்கம்.

இதை மனவுறுதிக் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். மனவுறுதி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால், எனக்குச் சுவையாகப் படுவது அந்தக் கைப்பெடல்தான். ஓட்டக்காரருக்குக் கையில் என்ன வேலை?

எந்த உறுப்பு ரத்தம் கேட்கிறது என்று இதயம் பார்ப்பதில்லை. கேட்டால் அனுப்பும், அதிகம் கேட்டால் வேகமாகத் துடித்து அனுப்பும். கைத்தசைகள் சிறியவை என்பதால், கால்களை வைத்து எட்டக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் கைகளால் எட்ட முடியும். அது பெரிய அளவு இல்லைதான். ஆனால், சில வாரங்களுக்கு இதயத்தைச் சோம்பவிடாமல் வைத்திருக்க அது உதவும்.

ஓட்டத் தகுதி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது, உடலில் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. கொஞ்சம் ரத்தத்தில், கொஞ்சம் இதயத்தில், கொஞ்சம் தசைச் செல்களில், கொஞ்சம் எலும்பிலும் தசைநாணிலும். ஓட்டத்தை நிறுத்தினால் இவை ஒன்றாகக் கரைவதில்லை. எது முதலில் போகும், எது தங்கும் என்று தெரிந்தால் காயப்பட்டவரின் பதற்றத்தில் பாதி குறையும்.

நன்கு பயிற்சி பெற்ற வீரர்களை 12 வாரம் சும்மா இருக்கச் சொல்லி, எட்வர்ட் காயிலும் சகாக்களும் அளந்த ஆய்வு 1984இல் வெளியானது. ஓட்டக்காரர்கள் கைக்கடிகாரத்தில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் ‘விஓ2 மேக்ஸ்’, அதாவது உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன், முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம் குறைந்து, அங்கேயே நின்றுவிட்டது. தசைக்குள் ஆக்சிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் வேகமாகக் குறைந்தன. ஆனால், தசையைச் சுற்றி வளர்ந்திருந்த ரத்த நுண்குழாய்கள் கடைசிவரை குறையவே இல்லை. ஆண்டுக்கணக்கில் ஓடிச் சேர்த்தவை அவை.

சரி, முதல் சில வாரங்களில் போவது எது? இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழு அதற்கும் விடை சொன்னது. பயிற்சியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களில் உடலின் ரத்த அளவு 9 சதவீதம் சுருங்கியிருந்தது. ஒரு துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் ரத்தம் 12 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தக்குழாயில் திரவம் ஏற்றி அளவைப் பழையபடி ஆக்கியதும், இழந்த திறனில் பெரும்பங்கு அப்போதே திரும்பிவிட்டது. ஆக, முதலில் கரைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. மூன்று வாரம் ஓடாதவர் மாடிப்படி ஏறும்போது இரைக்கிற இரைப்புக்கு இதயம் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. குழாய்களில் சரக்குக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

‘ஓய்வெடுங்கள்’ என்று மருத்துவர் சொன்னதைக் கட்டிலில் படுத்துக்கிடப்பது என்று புரிந்துகொண்டால் கணக்கு வேறு. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் முழுநேரமும் படுக்கையில் வைத்தார்கள். அவர்களுடைய விஓ2 மேக்ஸ் கால்பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்து அளந்தபோது, முப்பது ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. மருத்துவர் கட்டுப் போட்டது ஒரு காலுக்குத்தான்.

எவ்வளவு செய்தால் போதும் என்ற கேள்விக்கு 1980களில் ராபர்ட் ஹிக்சன் நடத்திய ஆய்வுகள் இன்னும் கைகொடுக்கின்றன. வாரம் ஆறு நாள், தினம் 40 நிமிடம் என்று பத்து வாரம் பயிற்சி கொடுத்தார். பிறகு சிலருக்கு நாட்களைக் குறைத்தார், சிலருக்கு நிமிடங்களைக் குறைத்தார், சிலருக்குத் தீவிரத்தைக் குறைத்தார். ஆறு நாள் இரண்டு நாளானபோதும், 40 நிமிடம் 13 நிமிடமானபோதும், தீவிரம் குறையாதவரை விஓ2 மேக்ஸ் 15 வாரம் தாக்குப்பிடித்தது. தீவிரத்தைக் குறைத்தவர்களுக்குச் சரிந்தது. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிப்பவருக்கு இது கசப்பான செய்தி. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் இருபது நிமிடம் அதைவிட மேல்.

அந்த மூச்சிரைப்பைக் காலுக்கு அடி விழாமல் வாங்கித்தருவதில் தண்ணீருக்கு ஈடில்லை. நீச்சலைச் சொல்லவில்லை, ஆழ்நீர் ஓட்டம். இடுப்பில் மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, பாதம் தரையைத் தொடாத ஆழத்தில், நிலத்தில் ஓடுவதுபோலவே கையையும் காலையும் வீசுவது. பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். பத்து நிமிடம் செய்து பார்த்தவருக்கு வராது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஒவ்வொரு வீச்சுக்கும் எதிர்ப்பு இருக்கிறது. போட்டிகளில் ஓடும் வீரர்களை நான்கு வாரம் நிலத்தில் ஓடவிடாமல் இப்படி நீரில் மட்டும் ஓடவைத்த ஓர் ஆய்வில், அவர்களுடைய 5 கிலோமீட்டர் நேரம் குறிப்பிடும்படி மாறவில்லை. ஆறு வாரம் நடந்த மற்றோர் ஆய்வில் விஓ2 மேக்ஸ் நிலைத்து நின்றது.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் இதயத்துடிப்பு. கழுத்தளவு நீரில் இறங்கியதும் நீரின் அழுத்தம் கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் ரத்தத்தை மார்புக்குள் தள்ளுகிறது. இதயம் நன்றாக நிறைகிறது. ஒரு துடிப்பில் அதிக ரத்தம் போகிறது. அதனால், அதே உழைப்புக்கு நிமிடத்துக்குப் பத்து துடிப்பு அளவுக்குக் குறைவாகவே காட்டும். கடிகாரத்தில் நிலத்து எண்ணைக் கொண்டுவந்தே தீருவேன் என்று மல்லுக்கு நிற்க வேண்டாம். மூச்சைக் கேட்டால் போதும்: இரண்டு நிமிடம் கடுமையாக, ஒரு நிமிடம் மெதுவாக, இப்படிப் பத்து முறை. உடல் நிமிர்ந்திருக்கட்டும், விரல்களை மூடிக்கொள்ளுங்கள். உள்ளங்கையால் நீரைத் துழாவினால் அது ஓட்டமாக இல்லாமல் நாய் நீச்சலாகிவிடும்.

நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நான்கைந்து அடி ஆழக் குளங்களே அதிகம், இதற்குப் போதாது. அவை வேறொன்றுக்கு உதவும். மார்பளவு நீரில் நிற்பவரின் கால்களில் அவருடைய எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்குகிறது, இடுப்பளவில் பாதி. பிசியோதெரபிஸ்ட் அனுமதித்த பிறகு, ஆழத்தில் தொடங்கி வாரத்துக்கு வாரம் ஆழம் குறைந்த பக்கமாக நடந்து வருவது, காலுக்கு எடையை அளந்து கொடுப்பதற்கான மலிவான வழி.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரிடமும் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். முன்தொடைக்கு நல்லது, கெண்டைக்காலுக்குச் சுமாரான வேலைதான். ஜிம்மில் இருக்கும் எலிப்டிகல் வகை இயந்திரங்களை ஓட்டக்காரர்கள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அப்படிப் பார்ப்பவர்கள் பார்க்கர் வால்பியைக் கவனிக்கலாம். எலும்புக் காயங்களால் அவதிப்பட்ட இவர், அமெரிக்காவில் கல்லூரி மாணவியாக இருந்தபோது வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் ஓடி, மிச்ச நாட்களை அத்தகைய இயந்திரத்திலும் நீரிலும் கழித்தார். 2024இல் கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டையும் வென்றார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் 11ஆவது இடம்.

காயப்படாத காலையும் விட்டுவிட வேண்டாம். ஒரு கையைப் பழக்கினால் பழக்காத மறு கைக்கும் வலு கூடுகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் 1894லேயே எழுதினார். மாற்றம் நடப்பது தசையில் மட்டுமில்லை, அதை ஏவும் நரம்பு மண்டலத்திலும்தான். கனடாவில் 2009இல் வெளியான ஆய்வில், ஒரு முன்கையில் மூன்று வாரம் கட்டுப் போட்டு மறு கையைப் பழக்கியவர்களுக்குக் கட்டுக்குள் இருந்த கையின் வலு குறையவில்லை, பழக்காதவர்களுக்குக் குறைந்தது. கட்டுப் போட்ட காலோடு இருப்பவர், நல்ல காலுக்கு எடைப் பயிற்சி கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. ஓடாததால் தொப்பை போட்டுவிடும் என்று பயந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறவர்கள் உண்டு. எலும்பும் தசையும் தம்மைக் கட்டிக்கொள்ளும் நேரத்தில் கட்டுமானப் பொருளை நிறுத்துவது என்ன கணக்கோ! முட்டை, பருப்பு, மீன், பால் எதையும் குறைக்காதீர்கள்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவருக்குத்தான் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்கும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி. இந்த அடியைத் தண்ணீரும் தராது, சைக்கிளும் தராது. அடி விழாத எலும்பு தன்னைத் தானே மெலிய வைத்துக்கொள்ளும். விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் கரைகிறது. இதயமோ தயார், மூச்சும் தயார். கரை கெட்டிப்படும் முன்பே ஏரி நிரம்பிவிட்ட நிலை. பெனாய்ட்டுக்கே அறுவைக்குப் பின் அவசரமாக ஓடியதில் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது.

தசைநாணின் கதை இன்னும் வினோதம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 திடீரென்று கூடி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்தந்த ஆண்டில் உருவான திசுவில் அந்தந்த ஆண்டின் அளவு பதிந்திருக்கும். இதை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அதன் மையப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. நாற்பது வயதுக்காரர் ஓடுவது, பள்ளிக்கூட நாட்களில் கட்டிய தசைநாணை வைத்துத்தான். அதை வலுவாக்க முடியும். ஆனால், அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

எலும்பு புதுப்பித்துக்கொள்ளும், அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது. புதிய சுமை வந்ததும் முதலில் பழைய எலும்பைச் சில செல்கள் அரித்து எடுக்கும். பிறகுதான் வேறு செல்கள் புதியதை நிரப்பும். முழுச் சுற்றுக்கு மூன்று நான்கு மாதம். நடுவில் சில வாரங்கள் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். திரும்ப ஓடத் தொடங்கி மூன்று நான்கு வாரம் நன்றாகப் போய், ‘இனிக் கவலையில்லை’ என்று லாங் ரன்னுக்குப் பெயர் கொடுக்கும் சமயத்தில் கணைக்கால் எலும்பு மறுபடி வலிப்பது அதனால்தான்.

இன்னொன்று: எலும்புச் செல்களுக்கு அடியின் சேதி சீக்கிரமே சலித்துவிடும். எலிகளில் செய்த ஆய்வுகளில், சில பத்து அடிகளுக்குள் அவற்றின் கவனம் பெருமளவு குறைந்துவிட்டது. சுமார் எட்டு மணி நேரம் விட்டால் மீண்டும் கேட்கத் தொடங்கின. ஆகவே திரும்பும் நாட்களில் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்து ஓடுவதில் நியாயம் உண்டு. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள். மூச்சு ‘இன்னும் கொடு’ என்று கேட்டால் அந்தப் பாக்கியைச் சைக்கிளில் தீர்த்துக்கொள்ளலாம். வலி மறுநாள் காலையிலும் இருந்தால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்ப வேண்டும். தொடை எலும்பின் கழுத்திலோ பாதத்தின் நடு எலும்பிலோ விரிசல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கே மருத்துவர் சொல்லும் தேதிதான் தேதி.