பின்பனிக் காலத்துக் கோழிக்குஞ்சுகள்

தமிழர் ஓராண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். அதனை அடுத்து வரும் சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். பின்பனியில் இரவின் பிற்பகுதியில் பனி மிகும். பகலிலோ வெயில் சுடத் தொடங்கிவிடும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் உங்களுக்கு இது நன்கு தெரிந்திருக்கும். பலமனேரும் குப்பமும் மேட்டுநிலத்தில் அமைந்த ஊர்கள். அங்கே மாசி மாத விடியலில் போர்வையை விலக்க மனம் வராது. மலையடிவாரத்தில் உள்ள திருப்பதியிலோ அதே நாளின் நண்பகலில் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும்.

வீட்டின் புறக்கடையில் வளரும் கோழிக்குஞ்சுகளுக்கு இது சோதனைக் காலம். விடியற்பனியில் விறைத்து இறப்பன சில. நண்பகலில் நீரின்றி வாடுவன சில. நோயால் மடிவன பல. பத்துக் குஞ்சு பொரித்த கோழியின் பின்னே பங்குனி முடிவில் எத்தனை குஞ்சுகள் நடக்கும்? முட்டை விற்ற காசில் பிள்ளைகளுக்குக் குறிப்பேடு வாங்கித் தரும் தாய்க்கு இது சிறிய கேள்வி அன்று.

மாணவர்களே, உங்கள் தெலுங்கு நண்பர்கள் கோழியைக் 'கோடி' என்பர். தமிழில் 'ழ' வரும் இடத்தில் தெலுங்கில் 'ட' வருவதைக் கவனியுங்கள். ஏழு என்பது அங்கே 'ஏடு'. நிழல் என்பது 'நீட'. பெட்டைக்கோழியை அவர்கள் 'கோடிபெட்ட' என்பர்; அதில் நம் 'பெட்டை' அப்படியே இருக்கிறது.

கோழி முட்டையிடுவதற்கும் பகல் வெளிச்சத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வெளிச்சம் மண்டையோட்டின் வழியாகவும் ஊடுருவி, கோழியின் மூளையில் ஒரு பகுதியைத் தூண்டுகிறது. அங்கிருந்து புறப்படும் ஆணை, இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்கள் வழியாகச் சினைப்பையை அடைகிறது. மார்கழியில் திருப்பதியின் பகற்பொழுது ஏறத்தாழப் பதினொன்றேகால் மணி நேரமே. தை பிறந்தபின் பகல் சிறிது சிறிதாக நீள்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்த வேறுபாடு பெரிதன்று. குளிர்நாடுகளிலோ பனிக்காலத்தில் முட்டையிடுவதையே நிறுத்திவிடும் கோழிகள் உண்டு.

நாட்டுக்கோழி பத்து முதல் பதினைந்து முட்டைகள் இட்டபின் அடைக்கு அமரும். அடைகாக்கும் காலம் 21 நாள்கள். கோழி ஒரு நாளில் பலமுறை முட்டைகளை அலகால் புரட்டுகிறது. புரட்டாவிட்டால் வளரும் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு இறந்துவிடும். ஏழாம் நாள் இரவில் கைவிளக்கின் ஒளிக்கு முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், சிலந்திவலை போலச் சிவந்த இரத்தக்குழாய்கள் தெரியும். ஒன்றும் தெரியாத முட்டை கருவற்றது. இப்படிக் குஞ்சு பொரியாமல் கெட்டுப்போவதே கூமுட்டை. ஒருவரை ஏளனம் செய்ய நாம் பயன்படுத்தும் சொல் இங்கிருந்துதான் வந்தது.

பிறந்த குஞ்சின் உடலில் இறகு இல்லை. பஞ்சு போன்ற மென்தூவியே உண்டு. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இன்னும் வரவில்லை. தாயின் சிறகடியே அதற்கு அடுப்பு. தாயின்றி வாங்கி வந்த குஞ்சுகளுக்கு நாம்தான் அந்த வெப்பத்தைத் தர வேண்டும். முதல் வாரத்தில் 35 பாகை செல்சியசு வெப்பம் தேவை. பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைத்து வரலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுக்கணக்கு. முப்பது குஞ்சுகளுக்கு ஒரு 60 வாட் விளக்கு போதும். ஆனால் அது பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். இப்போது கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் எல்.இ.டி. விளக்கு ஒளியைத் தரும். குஞ்சுகளைக் காக்கும் அளவுக்கு வெப்பத்தைத் தராது. தரையில் உமியைப் பரப்பி, சுற்றிலும் அட்டையால் ஒரு வட்டத் தடுப்பு அமைத்தால் மூலையில் நெருக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குஞ்சுகள் நசுங்குவதைத் தவிர்க்கலாம்.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் அடியில் நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் குளிர் மிகுதி. விளக்கை விட்டு விலகி, வாயைத் திறந்து இளைத்தால் வெப்பம் மிகுதி. வட்டம் முழுவதும் பரவி, சில தின்று சில உறங்கினால் எல்லாம் சரி. பின்பனியில் விடியல் நான்கு மணிக்கு ஒருமுறையும் நண்பகலில் ஒருமுறையும் பார்ப்பது இன்றியமையாதது. ஏனெனில் விடியலில் தேவைப்பட்ட அதே விளக்கு நண்பகலில் கொல்லக்கூடும்.

ஐதராபாத்தில் உள்ள நடுவண் அரசின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடைக்கென்றே வனராஜா, கிராமப்பிரியா ஆகிய இனங்களை உருவாக்கியது. இவை நாட்டுக்கோழியை விட மிகுதியாக முட்டையிடும். ஆனால் அடைக்கு அமர்வது அரிது. ஆகவே பொரிப்பதற்கென ஒரு நாட்டுப்பெட்டையைக் கைவிடாமல் வைத்திருப்பதே அறிவுடைமை.

தீனியைப் பொறுத்தவரை கேழ்வரகும் அரிசி நொய்யும் இப்பகுதியில் எளிதில் கிடைப்பவை. சாணத்தையும் வைக்கோலையும் பானையில் இட்டு, நீர் தெளித்து, புற்றருகே கவிழ்த்து வைத்து, மறுநாள் அதில் ஏறிய கறையானைக் குஞ்சுகளுக்குத் தருவது பழைய வழக்கம். வளரும் உடலுக்கு வேண்டிய புரதம் அதில் உண்டு. சித்தூர்ச் சீமையில் நிலக்கடலையும் பிண்ணாக்கும் தாராளம். ஆயினும் பனியின் ஈரம் பட்டுப் பூசணம் பூத்தவற்றைக் கோழிக்கு இடலாகாது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்தன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறிந்தனர். அந்தப் பூசணம் சுரக்கும் நஞ்சுக்கு அப்ளாடாக்சின் என்று பெயர்.

கோழி வளர்ப்போர் மிகவும் அஞ்சுவது வெள்ளைக்கழிச்சல் நோயை. 1927ஆம் ஆண்டு இமயமலை அடுக்கில் உள்ள இராணிக்கேத்து என்னும் ஊரில் இந்தியாவில் முதன்முதலாக இது கண்டறியப்பட்டது. ஆகவே இராணிக்கேத்து நோய் என்றும் கூறுவர். வெண்பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து திருகிக்கொள்ளுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். வந்தபின் மருந்து இல்லை, வருமுன் தடுக்கலாம். குஞ்சு பிறந்த ஐந்து முதல் ஏழு நாள்களுக்குள் லசோட்டா என்னும் சொட்டுமருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். எட்டாவது வாரத்தில் ஆர்.2.பி. என்னும் தடுப்பூசி போட வேண்டும்.

இவ்வளவு எளிய வழி இருந்தும் கோழிகள் ஏன் மடிகின்றன? ஒரு குப்பியில் நூறு கோழிகளுக்கோ அதற்கும் மேலாகவோ மருந்து உண்டு. அதனைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். கலக்கிய பின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கும் வீடு ஒரு குப்பியை வாங்கி என்ன செய்யும்? தெரு முழுவதும் ஒரே நாளில் கோழிகளைப் பிடித்து வைத்து, கால்நடை மருந்தகத்தாரை அழைத்தால் செலவும் குறையும். நோய் நுழைய இடமும் இராது. கோழிகள் இரைதேடும் இடத்துக்கு வேலி இல்லை; ஒரு வீட்டின் நோய் மாலைக்குள் அடுத்த வீட்டில் இருக்கும். மேலும், கோழி சோர்ந்தவுடன் அதனைச் சந்தையில் விற்றுவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. வாங்கிச் செல்பவர் நோயையும் சேர்த்தே தம் ஊருக்கு எடுத்துச் செல்கிறார். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமேனும் தனியே அடைத்து வைப்பது நல்லது.

பறவைக்காய்ச்சல் இதனினும் கொடியது. அரிதாக மனிதரையும் தாக்கும். 2024 பிப்ரவரியில் அண்டை மாவட்டமான நெல்லூரில் அது தோன்றியது. பனிக்காலத்தில் பழவேற்காட்டு ஏரிக்கும் நேலபட்டுக்கும் நீர்ப்பறவைகள் திரளாக வருகின்றன. காட்டு நீர்ப்பறவைகளிடம் இந்நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால், அவை இறங்கும் குளம் குட்டைகளுக்கு வீட்டுக்கோழிகளையும் வாத்துகளையும் விடாதிருப்பது நலம். கோழிகள் திடீரென இறந்து கிடந்தால் நீங்கள் தொடாதீர்கள், பெரியவர்களிடம் கூறுங்கள். அவர்கள் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பார்கள். நன்கு வேகவைத்த முட்டையையும் இறைச்சியையும் உண்பதில் அச்சம் வேண்டா. 70 பாகை வெப்பத்தில் அக்கிருமி அழிந்துவிடும்.

பங்குனி வெயில் ஏறியதும் வேலை மாறுகிறது. விளக்கை நீக்கிவிட்டு, நிழலில் மண்சட்டியில் நீர் வைக்க வேண்டும். கோழிக்கு வியர்வை இல்லை; வாயைத் திறந்து இளைத்தே உடலைக் குளிர்விக்கும்; அதற்கு நீர் மிகுதியாகத் தேவை. மாசித் தொடக்கத்தில் பொரித்த குஞ்சுகளுக்குச் சித்திரை பிறக்கும்போது எட்டு வாரம் ஆகியிருக்கும். தூவி உதிர்ந்து இறகு முளைத்திருக்கும். தாய்க்கோழி அவற்றைக் கொத்தி விரட்டிவிட்டு மீண்டும் முட்டையிட இடம் தேடத் தொடங்கும். இரண்டாம் தடுப்பூசிக்கு உரிய காலமும் அதுவே.