பெயர் வரிசையில் மறையும் உழைப்பு

ஓர் ஆய்வாளரின் தகுதி இன்று எண்களால் அளக்கப்படுகிறது. எத்தனை கட்டுரைகள், எந்த ஆய்விதழில், எத்தனை மேற்கோள்கள் என்பவையே கேள்விகள். 2005-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு இவ்வகையில் புகழ்பெற்றது. ஒருவரின் கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது குறியீடு 20 ஆகும். முகம் பாராத அளவுகோல் என்று இது போற்றப்படுகிறது. ஆனால், மூளையில் மருந்துகள் செயல்படும் விதத்தை ஆராயும் நரம்பு மருந்தியலின் வரலாறு நமக்கு வேறொன்றைக் கற்பிக்கிறது.

சர்ப்பகந்தா வேரை நம் நாட்டு மருத்துவர்கள் மனநோய்க்கு நெடுங்காலம் கொடுத்து வந்தனர். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பயன்படுவதை இந்திய மருத்துவ இதழொன்றில் எழுதினர். உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1949-இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், இரத்த அழுத்தத்துக்கு அம்மருந்தைக் கொடுத்துக் கண்டவற்றை பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டார். அதன் பின்னரே மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1957-இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது பெற்றோருள் வகீலும் ஒருவர். சென், போஸ் பெயர்கள் அதில் இல்லை. வேரை அறிந்து வைத்திருந்த நாட்டு மருத்துவர்களுக்கோ எந்தப் பட்டியலிலும் பெயரே இல்லை.

இது இதழின் இடத்தால் வந்த இழப்பு. ஆய்வகத்துக்குள்ளேயே நேரும் இழப்பும் உண்டு. 1973-இல் மூளையில் அபின் வகை மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஏற்பியைக் கண்டறிந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், அப்போது ஆய்வு மாணவியாக இருந்த காண்டஸ் பெர்ட். அவரது நெறியாளர் சாலமன் ஸ்னைடர். 1978-இல் அத்துறைக்கான லாஸ்கர் விருது ஸ்னைடருக்கும் வேறு இரு அறிவியலாளர்களுக்கும் வழங்கப்பட்டது, பெர்ட் விடுபட்டார். அவர் மௌனம் காக்காமல் எதிர்ப்புக் கடிதம் எழுதினார். முதல் பெயராக அச்சேறியவருக்கே இந்நிலை என்றால், பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டவரின் நிலை என்ன?

இதற்கான விடையை நம் நாட்டு விதிமுறையிலேயே கணக்கிடலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் அறிவியல் கட்டுரை ஒன்றுக்கு 8 புள்ளிகள் வகுத்தன. இருவருக்கு மேல் எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கும் முதன்மை அல்லது தொடர்பு ஆசிரியருக்கும் 70 விழுக்காடு. ஏனையோருக்கு 30 விழுக்காடு. அதாவது 5.6 புள்ளிகள் எங்கே, 2.4 எங்கே! எச்-குறியீடோ பெயர் வரிசையையே பார்ப்பதில்லை. மாணவர் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் பெயர் சேர்க்கும் துறைத்தலைவரின் எண் வளர்ந்துகொண்டே போகும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் ஜவ்வரிசி ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் விசைத்தறியிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் இன்று ஆய்வகங்களுக்குள் நுழைந்துள்ளனர். அவர்கள் குடும்பத்தில் ஆய்வுக்கட்டுரை என்றால் என்னவென்று சொல்லித்தர எவருமில்லை. உதவித்தொகைப் படிவம் முதல் ஆய்வேடு வரை அனைத்துக்கும் நெறியாளரின் கையொப்பம் வேண்டும். இந்நிலையில் பெயர் வரிசையைப் பற்றி வாய் திறக்க அஞ்சுவது அவர்களின் கோழைத்தனம் அன்று. அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருப்பதன் விளைவு. அந்த அதிகாரத்தோடு சாதியும் சேரும்போது திறமை என்ற சொல்லே அநீதிக்குத் திரையாகிறது.

எனவே சட்டத்தரப்பிலிருந்து நாம் சொல்ல விரும்புபவை சில. ஆய்வு தொடங்கும்போதே பெயர் வரிசையை எழுத்தில் பேசி முடியுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் தேதியிடுங்கள். மின்னஞ்சல்களைப் பாதுகாத்து வையுங்கள். நிதி பெற்றுத் தந்ததோ பொதுவாக மேற்பார்வையிட்டதோ மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது என்பது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறி. அதைச் சுட்டி இதழாசிரியருக்கு எழுதலாம். பணித்தேர்வில் அளித்த புள்ளிகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். சாதியின் பேரால் பாகுபாடு நேர்ந்தால், மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு விதிகள் கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரை அமர்த்தச் சொன்னதை நினைவூட்டி முறையிடுங்கள். பிறர் காணும் இடத்தில் சாதியைச் சுட்டி இழிவுசெய்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைநிற்கும்.

கட்டுரையின் தலைப்பில் நிற்கும் பெயர் அலங்காரம் அன்று. நாளைய வேலையும் ஊதியமும் அதில் அடங்கியுள்ளன. உழைத்தவர் பெயர் உரிய இடத்தில் நிற்க வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையும் அன்று. கூலிக்கான உரிமையைப் போன்றதே அதுவும்.