மருந்து குடித்த உத்தரம்

பலகைகளை அடுக்கிப் பசையால் ஒட்டிய உத்தரத்துக்குக் கரையான் மருந்து ஏற்றினால் பலம் குறைந்துவிடாதா என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கொஞ்சம் குறையலாம். எவ்வளவு என்பது மருந்தையும், ஏற்றுகிறவரின் அவசரத்தையும் பொறுத்தது.

கிரியோசோட் போன்ற எண்ணெய் மருந்து மரத்தோடு வினைபுரியாது. உள்ளே போய்க் குடியிருக்கும், அவ்வளவுதான். நீரில் கரைத்து ஏற்றும் தாமிர-குரோமிய-ஆர்செனிக் மருந்துக்கு அது போதாது. மழையில் கரைந்து ஓடாமலிருக்க நாரோடு வினைபுரிந்தாக வேண்டும். அதில் நார் சற்று அடிபடும். விறைப்பு அநேகமாக அப்படியே இருக்கும். முறியும் எல்லை கொஞ்சம் இறங்கும். திடீர் அடியைத் தாங்கும் திறன்தான் அதிகம் போகும். சீக்கிரம் காயட்டும் என்று உலர்த்தும் அறையில் சூட்டை ஏற்றினால் சேதம் பெருகும். அமெரிக்கத் தர விதிகள் 74 டிகிரி செல்சியசில் கோடு போட்டது அதனால்தான்.

என்னைக் கவர்ந்த விசித்திரம் பசையில் இருக்கிறது. மாவு தூவிய பலகையில் சப்பாத்தி ஒட்டுமா? மருந்தின் உலோகத் துகள்கள் நாரின் சுவரெங்கும் அப்படிப் படிந்துவிடுவதால் பசைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. இழைத்துவிட்டு ஒட்டலாம், ஆனால் மருந்து நன்றாக ஏறிய மேல்தோலே சீவலாகப் போய்விடும். அதிலும் ஆர்செனிக் சீவல், அடுப்பில்கூடப் போட முடியாது. ஒட்டிய பிறகு நீர் மருந்து ஏற்றினாலோ உத்தரம் ஊறி, காயும்போது வெடிக்கும். ஆகவே ஒட்டிய உத்தரத்துக்குப் பெரும்பாலும் எண்ணெய் மருந்துதான். 1990களில் அமெரிக்காவின் மேடிசன் நகர வனப்பொருள் ஆய்வகம், பசைக்கு முன் பூச ரெசார்சினால் கலந்த ஒரு பூச்சை உருவாக்கியது; அது மருந்துப் பலகையிலும் பசையைப் பிடிக்கவைத்தது.

அந்த உலோக மருந்தை 1933இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சோன்டி காமேசன். உலகெங்கும் கம்பங்களைக் காத்த மனிதரின் பெயர் நம் பாடநூல்களில் என் கண்ணில் பட்டதில்லை. நாமோ இன்னமும் வேலிக்காலில் கழிவு ஆயிலைத் தடவிவிட்டு, பாதுகாத்துவிட்டதாக நினைக்கிறோம். தடவியது தோலோடு நின்றுவிடும். மரத்துக்குள் இறங்க அழுத்தம் வேண்டும்.

அழுத்தி ஏற்றினாலும் மரத்தின் நடுவிலுள்ள வைரத்துக்குள் மருந்து எளிதில் போகாது, அதைச் சுற்றியுள்ள வெளிறுதான் உறிஞ்சும். அதனால் வாசகருக்கு ஒன்று: போல்ட் ஓட்டை, வெட்டு எல்லாவற்றையும் மருந்துக்கு அனுப்பும் முன்பே முடித்துவிடுங்கள். பிறகு துளைத்தால் மருந்து தொடாத உள்மரம் கரையானுக்குத் திறந்துவிடும்.