வாசற்கதவு இல்லாத வனம்

சத்திரத்தில் தங்கினால் சத்திரக்காரரைக் கேட்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் வாடகை கொடுக்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்கினாலோ மூன்றாம் நாள் முதல் அவர்கள் முகம் பார்த்து நடக்க வேண்டும். ஒருவரையும் கேளாமல், ஒரு காசும் கொடாமல், ஒருவர் முகத்தையும் பாராமல் பதினான்கு நாள் தங்குவதற்கு இவ்வுலகில் இடம் உண்டா? உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மலைகளில் பரந்து கிடக்கும் தேசீய வனங்களில் உண்டு.

ராக்கி மலைத் தொடரிலோ, ஸியரா நெவாடா மலையிலோ ஒருவன் தன் மோட்டாரைத் தார் ரஸ்தாவிலிருந்து காட்டு மண் ரஸ்தாவில் திருப்புகிறான். பைன் மரங்களுக்கு நடுவே சமமான இடமாகப் பார்த்துக் கூடாரம் அடிக்கிறான். அங்கே சீட்டுக் கொடுப்பவர் இல்லை. குழாய் இல்லை; கக்கூஸ் இல்லை; மேஜை இல்லை; குப்பைத் தொட்டியும் இல்லை. 'இல்லை' என்ற சொல்லே அவ்விடத்தின் இலக்கணம். ஒரே இடத்தில் கும்பலாகக் கூடாமல் அங்கொருவரும் இங்கொருவருமாக ஜனங்கள் தங்கும் இந்த வழக்கத்தைத் தமிழில் 'சிதறித் தங்குதல்' என்று சொல்லலாம்.

யெல்லோஸ்டோன், யோஸமிட்டி முதலிய தேசீயப் பூங்காக்களோடு இவ்வனங்களைச் சேர்த்துக் குழப்பிக் கொள்ளலாகாது. பூங்கா வேறு, வனம் வேறு. பூங்காக்களில் குறித்த இடத்திலோ, அனுமதிச் சீட்டுப் பெற்றோதான் தங்கலாம். வனங்களிலோ, தடுக்கப்படாத இடத்தில் தங்கலாம் என்பதே பொது நியதி. இத்தகைய வனங்கள் 154 இருக்கின்றன. சில புல்வெளிகளையும் சேர்த்து அவற்றின் பரப்பு சுமார் 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். நமது தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்கு!

இவ்வளவு நிலம் எவ்வாறு ஒரு தனவந்தர் கையிலும் சிக்காமல் பொதுவில் நின்றது? அந்த வரலாற்றில் நம் தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று அறிந்தால் நேயர்கள் வியப்படைவார்கள்.

ஒரு குரு, இரண்டு பாடங்கள்

ஜெர்மனியில் பிறந்த தாவர சாஸ்திரி டீட்ரிச் பிராண்டிஸ் என்பவர் 1856-ல் பர்மாவின் தேக்குக் காடுகளை மேற்பார்வையிட வந்தார். 1864-ல் இந்தியா முழுவதற்கும் முதல் காட்டிலாகாத் தலைவரானார். 1883-ல் உத்தியோகத்தை விட்டு, ஜெர்மனியில் பான் நகரத்திற்குத் திரும்பினார். 1889-ல் அமெரிக்க இளைஞர் ஒருவர், காடு வளர்க்கும் வித்தையைக் கற்பதற்கு வழி கேட்டு அவரை நாடி வந்தார். அந்த இளைஞரின் பெயர் கிப்போர்டு பின்ஷோ. பிராண்டிஸின் யோசனைப்படி பிரான்ஸ் தேசத்து நான்ஸி நகரிலிருந்த வனக் கலாசாலையில் பயின்று, அவர் நாடு திரும்பினார். 1905-ல் அமெரிக்க வன இலாகா ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே.

அக்காலத்தில் அமெரிக்காவில் மரக் கம்பெனிகள் காடுகளை மொட்டையடித்து வந்தன. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் காடுகளைப் பொதுச் சொத்தாக ஒதுக்கி வைப்பதில் தீவிரம் காட்டினார். 1907-ல், மேற்கேயுள்ள ஆறு ராஜ்யங்களில் ஜனாதிபதி தாமாகவே புதிய வனங்களை ஒதுக்கக் கூடாது என்று அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டம் செய்தது. ரூஸ்வெல்ட் அதில் கையெழுத்திடத்தான் வேண்டியிருந்தது. ஆனால், கையெழுத்திடுவதற்கு முன்பு, பின்ஷோவும் அவருமாகப் படங்களை விரித்து வைத்துக்கொண்டு, சுமார் 1 கோடியே 60 லட்சம் ஏக்கரை வனமாகப் பிரகடனம் செய்துவிட்டார்கள்! 'காட்டு ஒதுக்கீடு' என்ற பழைய பெயரும் அவ்வருஷத்திலேயே 'தேசீய வனம்' என்று மாறிற்று.

இனி நம் நாட்டுக் கதையைப் பார்ப்போம். கிராம ஜனங்களுக்குக் காட்டில் பரம்பரை உரிமை உண்டென்றும், கிராமத்துக்கென்று காடு விடவேண்டுமென்றும் பிராண்டிஸ் கருதினார். சென்னை ரெவின்யூ போர்டார்கூட, காடு முழுவதும் சர்க்காருடையதே என்னும் வாதத்தை ஒரு சமயம் எதிர்த்தார்கள். எனினும் 1878-ல் பிறந்த இந்திய வனச் சட்டத்தில் மேலோங்கி நின்றது ஏகாதிபத்தியத்தின் கட்சியே. 1882-ல் சென்னை மாகாணத்துக்கும் ஒரு வனச் சட்டம் வந்தது. விறகு பொறுக்கியவள் குற்றவாளியானாள். ஆடு மேய்த்தவன் அபராதம் கட்டினான். 1930-ல் மத்திய மாகாணத்திலும் பேராரிலும் ஜனங்கள் ரிசர்வ் காட்டில் புகுந்து, ஒரு பிடி புல்லை அறுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு சிறை சென்றார்கள். காந்தியடிகள் கடற்கரையில் எடுத்த உப்புக்கும் அந்தப் புல்லுக்கும் பொருள் ஒன்றே.

குரு ஒருவரே. ஆனால், ஓரிடத்தில் காடு பிரஜைகளுக்கு வாசலைத் திறந்தது. மற்றோரிடத்தில் வாசலை அடைத்தது. ஆட்சி யாருடையது என்பதே இந்த வேற்றுமைக்குக் காரணம்.

சக்கரமும் வேரும்

பின்ஷோ வனங்களை ஒதுக்கியது உல்லாசப் பிரயாணிகளுக்காக அன்று. மரம், மேய்ச்சல், நதிகளின் ஊற்றுக்கண் இவையே அவர் மனத்தில் இருந்தன. மலிவான மோட்டார் வண்டி வந்ததும் ஜனங்கள் தாமாகவே காட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். பிடித்த மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள்; அங்கேயே சமைத்தார்கள்; அங்கேயே உறங்கினார்கள்.

இதன் பயனை முதலில் கண்டறிந்தவர்களில் ஒருவர் இ. பி. மைனெக்கே என்ற தாவர நோய் நிபுணர். கலிபோர்னியாவின் மாபெரும் செம்மரங்களை அவர் ஆராய்ந்தார். கோடரி படவில்லை, தீயும் தீண்டவில்லை, ஆயினும் மரங்கள் வாடின. காரணம் என்ன? ஆயிரம் பாதங்களும் சக்கரங்களும் மிதித்து மிதித்து மண்ணைக் களிமண் தரைபோல் இறுக்கிவிட்டன. வேருக்குக் காற்றும் நீரும் போகவில்லை. காட்டை நேசித்து வந்தவர்களே அறியாமல் அதைக் கொன்றுகொண்டிருந்தார்கள்!

1932-ல் அவர் ஒரு திட்டம் வகுத்தார். ஒரு வழி ரஸ்தா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வண்டி நிறுத்தத் தனி இடம். அதைத் தாண்டாதபடி பாறையும் மரக்கட்டையும். இன்று அமெரிக்காவில் காணும் இலக்கமிட்ட முகாம்களுக்கு அதுவே மூல மாதிரி. அங்கே மேஜை உண்டு, கக்கூஸ் உண்டு. பல இடங்களில் கட்டணமும் உண்டு. அவற்றுக்கு வெளியே உள்ள பெருங்காட்டில் பழைய சுதந்திரம் தொடர்ந்தது.

காவலன் இல்லாத சட்டம்

சுதந்திரம் என்றால் சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலான வனங்களில் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கலாகாது. வண்டி போகக்கூடிய ரஸ்தாக்கள் எவை என்று இலாகா படம் வெளியிட்டிருக்கிறது. அதில் இல்லாத வழியில் போகலாகாது. ஓடைக்கும் ஏரிக்கும் 100 அல்லது 200 அடி தள்ளியே கூடாரம் அடிக்க வேண்டும். ஏற்கெனவே பிறர் தங்கித் தேய்ந்த இடத்திலேயே தங்குவது நலம். புதுப் புல்லை மிதிப்பானேன்? மலஜலத்துக்கு நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி ஆறு அல்லது எட்டு அங்குல ஆழம் குழி தோண்டி மூட வேண்டும். கரடிகள் நடமாடும் இடத்தில் உணவை அவை திறக்க முடியாத பெட்டியில் வைக்க வேண்டும். கொண்டு போன பொருளில் ஒரு காகிதத் துண்டுகூட அங்கே மிஞ்சக் கூடாது.

எல்லாவற்றினும் கடுமையானது நெருப்பைப் பற்றிய விதி. வெயில் காலத்தில் பல வனங்களில் அடுப்பு மூட்டவே தடை விதிக்கிறார்கள். 1944 முதல் தொப்பியணிந்த ஸ்மோக்கி என்னும் சித்திரக் கரடி, காட்டுத் தீயைத் தடுக்குமாறு ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லி வருகிறது. இது வீண் பயமன்று. 2016-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கலிபோர்னியாக் கடற்கரையில் ராஜ்யப் பூங்கா ஒன்றில் யாரோ சட்டத்துக்கு விரோதமாக அடுப்பு மூட்டி, அணைக்காமல் சென்றார். தீ அங்கிருந்து லாஸ் பேட்ரெஸ் தேசீய வனத்துக்குள் பாய்ந்தது. ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் ஏக்கர் எரிந்தது. 57 வீடுகள் சாம்பலாயின. தீயைத் தடுக்கப் போன இயந்திர ஓட்டி ஒருவர் உயிரிழந்தார். தீயை அணைக்க ஆன செலவு 20 கோடி டாலருக்கு மேல். ஒரு செம்பு ஜலம் அந்தத் தீயை ஆரம்பத்தில் அணைத்திருக்கும்.

பல லட்சம் ஏக்கருக்கு ரேஞ்சர்கள் எத்தனை பேரை நிறுத்த முடியும்? ஆகவே, விதியை எழுதுவது சர்க்கார். அதை நிறைவேற்றுவது கூடாரத்தில் தனியே இருக்கும் மனிதனின் மனச்சாட்சி. அந்தக் காவலன் உறங்கினால் சுதந்திரம் சுருங்குகிறது. கொலராடோ ராஜ்யத்தின் கன்னிஸன் வனத்தில் கிரெஸ்டெட் பியூட் என்னும் மலையூரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் கூட்டம் பெருகிற்று. குப்பையும் மலமும் புல்வெளிகளைக் கெடுத்தன. 2021 முதல் அங்கே குறியிட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம் என்று விதித்துவிட்டார்கள்.

இரண்டு சோதனைகள்

காட்டில் தங்குபவர் எல்லோரும் உல்லாசத்துக்கு வந்தவர் அல்லர். நகரத்தில் வீட்டு வாடகை கொடுக்க வழியின்றிக் காட்டுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆரிகன் ராஜ்யத்தில் பெண்டு நகரத்தின் அருகே, டெஷூட்ஸ் தேசீய வனத்தில், வீடற்றவர் பலர் பழைய வண்டிகளிலும் கூடாரங்களிலும் நெடுங்காலம் வாழ்ந்து வந்தார்கள். தீ அபாயத்தைக் குறைப்பதற்காக மரங்களைக் கழிக்கும் வேலை தொடங்குவதாகக் கூறி, 2025 மே முதல் தேதியில் அப்பகுதியை இலாகா மூடிற்று. அவர்கள் வெளியேற நேர்ந்தது. வனத்தில் தங்கலாம், குடியிருக்கலாகாது என்பது சட்டம். அந்தச் சட்டம் நியாயமானதே. ஆனால், செல்வத்தில் தலைசிறந்த தேசத்தில் மனிதன் குடியிருக்க வேறிடம் இன்றி மரத்தடியை நாடினான் என்றால், தவறு மரத்தடியில் இல்லை, நகரத்தில் இருக்கிறது.

இரண்டாவது சோதனை இன்னும் பெரியது. அதே 2025 ஜூன் மாதத்தில் யூட்டா ராஜ்யத்து ஸெனேட்டர் மைக் லீ ஒரு யோசனை கொண்டு வந்தார். மேற்கு ராஜ்யங்களில் வன இலாகாவிடமும் நில இலாகாவிடமும் உள்ள பொது நிலத்தில் சுமார் 20 முதல் 30 லட்சம் ஏக்கர் வரை வீடு கட்டுவதற்கென்று விற்க வேண்டும் என்று முதல் நகலில் கண்டிருந்தது. உடனே எழுந்தது எதிர்ப்பு! வேட்டைக்காரரும் மீன் பிடிப்பவரும், மலையேறுபவரும் மாடு மேய்ப்பவரும், சாதாரணமாக ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கும் இரு கட்சியினரும் ஒரே குரலில் 'விற்காதே' என்றார்கள். எதிர்ப்பைக் கண்டு வனங்களை யோசனையிலிருந்து நீக்கினார்கள். ஜூன் 28-ந் தேதி யோசனையே முழுவதும் வாபஸாயிற்று. கூடாரத்தில் ஓர் இரவு தங்கியவனுக்கு அந்தக் காடு தன்னுடையது என்ற எண்ணம் பிறந்துவிடுகிறது. அந்த எண்ணமே அன்று அதைக் காத்தது.

மறக்கக் கூடாத கணக்கு

'பொதுச் சொத்து' என்று பெருமைப்படும் அந்த நாட்டினர் ஒரு பழைய கணக்கையும் மறக்கலாகாது. இன்று கூடாரக்காரர் விரும்பிச் செல்லும் ஸான் யுவான் மலைகள் யூட் மக்களுடையவை. பொன்னும் வெள்ளியும் தேடி வெள்ளையர் நுழைந்த பிறகு, 1873-ல் ஓர் உடன்படிக்கையின் மூலம் அம்மலைகள் அவர்களிடமிருந்து வாங்கப்பட்டன. வேட்டையாடும் உரிமை மட்டும் அவர்களுக்கு மிஞ்சியது. 1881-ல் யூட் மக்களில் இரு பிரிவினர் கொலராடோவிலிருந்தே வெளியேற்றப்பட்டனர். எல்லோருக்கும் திறந்த வாசல் என்று சொல்லும்போது, முதலில் அவ்வீட்டில் இருந்தவர் யார் என்று கேட்பதே நியாயம். அந்நிய ஆட்சியில் காட்டையும் உப்பையும் இழந்து நின்ற நாம் இக்கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. நாமும் நம் காடுகளில் வாழும் ஆதிகுடிகளின் உரிமையைச் சட்டத்தில் ஒப்புக்கொள்ள 2006 வரை காத்திருந்தோம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

எல்லோருக்கும் சொந்தமான பொருளை ஒருவருக்கும் சொந்தமில்லாத பொருளாக நடத்துவது எந்தத் தேசத்திலும் எளிது. கிராமத்துக் குளத்தையும் மேய்ச்சல் புறம்போக்கையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதைத் தன்னுடையதாகவும், அதே சமயம் நாளை வரப்போகும் முகமறியாத ஒருவனுடையதாகவும் நடத்துவதே கடினம். அந்தப் பழக்கம் இன்றேல் ஸ்வராஜ்யம் என்பது கொடி மாறியதோடு நின்றுவிடும்.

காட்டை விட்டுப் புறப்படுபவன் கடைசியாகச் செய்ய வேண்டியதை அந்த இலாகாவினர் மிக எளிமையாகச் சொல்லித் தருகிறார்கள்: நெருப்பில் ஜலத்தை ஊற்று, சாம்பலைக் கிளறு, மறுபடி ஊற்று, பிறகு புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார், சூடு இருந்தால் புறப்படாதே. அவ்வாறு அவன் குனிந்து சாம்பலைச் சோதிப்பதைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. பார்ப்பவர் இல்லாதபோதும் அதை அவன் செய்கிற வரையில் அந்த வனத்துக்கு வாசற்கதவு வேண்டியிராது.