வாசலுக்கு வரும் கடன்

கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்து அடுப்பு மூட்டும் நேரம். வாசலில் ஒருவர். "அக்கா, நகை ஒண்ணும் வேணாம். அஞ்சு பேரு சேர்ந்து கையெழுத்துப் போட்டா இந்தக் கிழமையே காசு" என்கிறார்.

பூநகரி உள்ளிட்ட வன்னிச் சகோதரிகளும் இப்பேச்சைக் கேட்டவர்கள்தான். 2009 இல் போர் முடிந்தபின், எல்லாம் இழந்து நின்றவர்களிடம் நுண்கடன்காரர் வீடுவீடாக வந்தனர். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தவர்கள் பலர். 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் வழங்க நேர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா கடன். "20 வீத வட்டிதான்". வருடத்துக்கு 10,000. கிழமைதோறும் கட்டக் கட்ட முதல் குறைகிறது. வட்டியோ முழு 50,000 க்கும் போட்டாயிற்று. உண்மையான வட்டி ஏறக்குறைய இரு மடங்கு!

ஆகவே:

* வாசலில் வைத்துக் கையெழுத்துப் போடாதீங்க. அடையாள அட்டைப் பிரதியும் கொடுக்காதீங்க.
* மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்க.
* கம்பனி பற்றிச் சந்தேகமா? மத்திய வங்கியை 1935 இல் கேளுங்க.
* மிரட்டினால் பொலிஸ், 119.

அவசரப்படுத்துகிறவரிடம் ஒரே பதில்: "இன்னைக்கு இல்லீங்க, வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்." நேர்மையானவர் நாளைக்கும் வருவார்.