நீர்த்துளியும் நிழற்படமும்

மழைக்குப் பஞ்சமில்லாத நாடு நம் மலைநாடு. அட்டனிலும் நுவரெலியாவிலும் வாழும் நாம் தகரக் கூரைமேல் விழும் துளியோசையைக் கேட்டே வளர்ந்தவர்கள். எனினும், விழுந்த துளி நிலத்தை முட்டும் கணத்தில் யாது நிகழ்கின்றது என்பதை நம் கண் கண்டதில்லை. அஃது அத்துணை விரைவில் நிகழ்ந்து முடிகின்றது. அக்கணத்தை வீட்டிலிருந்தபடியே படமாக்கும் வழியையும், அதனால் நம் மலைமண்ணைப் பற்றி அறியக்கிடக்கும் உண்மையையும் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நிழற்படக் கலைக்கும் மலைநாட்டுக்கும் பழந்தொடர்பு உண்டு. அக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராகிய யூலியா மார்கரெற் கமரன் அம்மையார் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவரது கல்லறை உள்ளது. அவர் படமெடுத்தபோது, எதிரே அமர்ந்தவர் சில நிமிடநேரம் ஆடாது அசையாது இருத்தல் வேண்டும். அத்தகைய கருவிக்கு விழும் துளி எங்ஙனம் அகப்படும்?

அதனை அகப்படுத்தியவர் இங்கிலாந்தின் பௌதிகப் பேராசிரியர் ஆதர் வேர்திங்ரன். இருட்டறையில் துளி விழும்போது வேண்டிய கணத்தில் ஒரு மின்பொறியைத் தோற்றுவித்து, அவ்வொளியில் கண்டதை அவர் கையால் வரைந்தார். தெறிக்கும் நீர் ஒழுங்கான முடிபோலவே அவ்வோவியங்களில் அமைந்தது. 1894இல் அதனை நிழற்படமாகவே எடுத்துக் காட்டினார். படத்திலோ முடியின் கதிர்கள் ஒன்றற்கொன்று ஒவ்வாதிருந்தன. கண் கண்டதை மனம் திருத்தி வரைந்திருந்தது என்பது அப்போதுதான் புலனாயிற்று. தம் ஆய்வுகளை 1908இல் நூலாக வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவில் எட்ஜேர்ட்டன் என்பார் 1957இல் எடுத்த பால்துளி முடியின் வண்ணப்படம் உலகப் புகழ் பெற்றது.

இவர்கள் கையாண்ட உபாயம் ஒன்றே. துளியை நிறுத்துவது கமராவின் மூடியன்று, ஒளியின் குறுமையே. 30 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழும் துளி, நீரைத் தொடும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 2.4 மீற்றர் வேகம் பெறும். ஒளி செக்கனில் 1/200 பங்கு நிலைத்தால் துளி அதற்குள் 12 மில்லிமீற்றர் கடந்துவிடும். படம் கோடாய்த் தேயும். 1/10,000 பங்கு மட்டும் ஒளிர்ந்தால் கடப்பது கால் மில்லிமீற்றரே. படம் தெளிவாய் விழும். பிளாஷ் விளக்கின் வலுவைக் குறைக்குந்தோறும் அது ஒளிரும் நேரமும் குறையும். ஆதலின், விளக்கை மிகக் குறைந்த வலுவில் வைத்தல் வேண்டும்.

இனிச் செய்முறை. ஒரு பொலித்தீன் பையில் நீர் நிறைத்து ஆணியில் தொங்கவிட்டு, ஊசியால் சிறு துளையிடுக. கீழே ஒரு தாம்பாளத்தை விளிம்புவரை நீரால் நிரப்புக. பின்னே வெள்ளைத்தாள் ஒன்றை நிறுத்தி, பிளாஷ் விளக்கை அத்தாளை நோக்கி வைக்க. துளி விழும் இடத்தில் ஒரு பென்சிலைப் பிடித்து, அதன்மேல் கமராவைக் குவியப்படுத்தி, அக்குவியம் மாறாதபடி செய்க. அறையை இருளாக்கி, துளி பையைவிட்டு நீங்கியதும் பொத்தானை அழுத்துக. பல முயன்றால் சில வாய்க்கும். கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்கள், அதன் விளக்கு கணப்பொழுது ஒளிர்வதன்று ஆதலின், நல்ல வெயிலில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவசைவு முறையைக் கைக்கொள்ளலாம்.

முதலில் நீரில் ஒரு குழி தோன்றும்; அதன் விளிம்பு முடியாய் எழும்; குழி மூடுங்கால் நடுவே ஒரு தூண் மேலெழுந்து, அதன் நுனி துளியாய்ப் பிரியும். இவ்வழகைக் கண்டபின், தாம்பாளத்தில் நீருக்குப் பதிலாக ஈரமண்ணை இட்டுப் பார்க்குமாறு நம் மாணவர்களை வேண்டுகின்றோம். முடி எழும் இடத்தில் மண் எழுவதையும், பின்னே நிற்கும் வெள்ளைத்தாளில் மண்புள்ளிகள் படிவதையும் காண்பீர்கள்.

வீட்டுத் துளி மெல்லியது. 5 மில்லிமீற்றர் அகலமுள்ள மழைத்துளியோ செக்கனுக்கு ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்தில் வருகின்றது. துளிகள் ஒரே பருமனுடையன என்று கொண்டால், அதன் தாக்கும் ஆற்றல் வீட்டுத் துளியினதைப்போல் 14 மடங்காகும். சரிவான நிலத்தில் தெறிக்கும் மண் மேல்நோக்கிச் செல்வதினும் கீழ்நோக்கியே மிகுதியாய்ச் செல்லும். அடர்ந்து பரந்த தேயிலைச்செடி மழையைத் தன்மேல் தாங்கி, தாழ்ந்த உயரத்திலிருந்து மெல்லச் சொட்டவிடுகின்றது. கவ்வாத்து வெட்டிய மலையிலும், புதிதாய் நட்ட மலையிலும், செடி பட்டுப்போன வெற்றிடங்களிலும் அத்தாங்கல் இல்லை. அங்கே வெட்டிய கிளைகளை நிலத்திலே பரப்புவதும், மறு நடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல் வளர்ப்பதும் இதன்பொருட்டேயாம். கான்கள் ஓடும் நீரைத் தடுக்கும். துளியின் அடியைத் தடுப்பது போர்வை ஒன்றே.

ஆதலின், மாணவர்காள், இரண்டு தாம்பாளங்களில் ஈரமண் இடுக. ஒன்றை வெறுமையாய் விடுக. மற்றதனைத் தேயிலைச் சருகால் மூடுக. ஒரே உயரத்திலிருந்து இரண்டிலும் நூறு துளி விழச்செய்து, இரு வெள்ளைத்தாள்களையும் அருகருகே வைத்துப் படமெடுங்கள். அப்படத்தை வகுப்பறைச் சுவரிலும், இயலுமேல் உங்கள் தோட்டத்து வாசிகசாலையிலும் தொங்கவிடுங்கள். நம் முன்னோர் வியர்வை சிந்திப் பண்படுத்திய மண் துளித்துளியாய்க் கீழிறங்குவதை அது எல்லோர்க்கும் காட்டும்.